எவன் போட்ட பிச்சை? நீதிபதி நியமனம் குறித்துச் சில கேள்விகள்

ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் சுண்ணாம்புக் குழியில் நின்ற பெரியவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பாலாற்று மாசு வழக்கில் உச்சநீதிமன்றம் 2025 சனவரி 30 அன்று சொன்ன தீர்ப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. படித்தவன் அல்லவா, நான் விளக்க ஆரம்பித்துவிட்டேன். கெடுத்தவன்தான் செலவைத் தரவேண்டும் என்கிற கொள்கை, முதலில் அரசு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு முதலாளிகளிடம் வசூல் செய்துகொள்ள வேண்டும் என்கிற உத்தரவு, கண்காணிக்க ஒரு குழு, இத்யாதி. அவர் கையை நீட்டி நிறுத்தினார். அந்தக் கையில் நகம் என்று சொல்லும்படி மிச்சமிருப்பது மூன்றோ நாலோதான்.

"அத்தெல்லாம் கெடக்கட்டும் நைனா. அந்த ஜட்ஜுங்கள யாரு போட்டது? நாம ஓட்டு போட்டமா இன்னா?"

"இல்ல தாத்தா. அவங்களே அவங்களப் போட்டுக்கறாங்க."

அவர் சிரித்தார். "அப்போ ஊர்ல நாட்டாமக்காரன் பண்றாப்பலயே!"

அரசியல் சட்டப் பேராசிரியர்கள் ஆயிரம் பக்கம் எழுதுவதை ஒரு வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரியின் மேல்தான் இந்தக் கட்டுரை.

வழக்கின் பழைய கதையை ஞாபகப்படுத்திக்கொள்வோம். 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, வேலூர் குடிமக்கள் நல அமைப்பு போட்ட வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஐந்து மாவட்டத்து டேனரிகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் தண்டம் கட்ட வேண்டும், இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் வேண்டும், சென்னை உயர்நீதிமன்றத்தில் 'பசுமை அமர்வு' வேண்டும் என்றது. 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழ் என்று வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொன்னதும் அத்தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. உலகம் முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் அது பாடம். ஆணையம் 2001இல் இழப்பீட்டை நிர்ணயித்தது. 2025இலும் 'இன்னும் கொடுக்காமல் இருந்தால் ஆறு வாரத்தில் கொடு' என்று உச்சநீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 1996இல் பிறந்த குழந்தைக்கே இப்போது குழந்தை இருக்கும்.

அந்தத் தீர்ப்பில் நம் மாவட்டத்தின் பெயர் 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்'. மறு வருஷமே அந்தப் பெயரைப் பிடுங்கிவிட்டார்கள். மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர் பெயர்கள் எல்லாவற்றையும் எடுத்தோம் என்று நியாயம் வேறு. நீதிமன்ற ஏட்டில் மட்டும் அம்பேத்கர் மாவட்டம் அப்படியே இருக்கிறது.

நிலம் கெட்டதற்கு, கிணறு கெட்டதற்கு இழப்பீடு, சரி. நிலமே இல்லாத சேரிக்காரனுக்கு? கைத்தோல் உரிந்தவனுக்கு, மூச்சு வாங்கிக்கொண்டு ஷிப்ட் பார்த்தவனுக்கு என்ன கணக்கு? 2015 சனவரி கடைசியில் ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் பத்துப் பேர் அந்தச் சேற்றிலேயே செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எதைக் 'குடிமக்கள் நலம்' என்று பார்ப்பது, எதைத் தொழில் விபத்து என்று தள்ளுவது என்பதை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் கண்தான் தீர்மானிக்கிறது. அந்தக் கண் எந்தத் தெருவில் வளர்ந்தது என்று கேட்டால் நீதிமன்ற அவமதிப்பு ஆகுமா? ஆகட்டும்.

இப்போது 1973க்கு வருவோம். சட்ட உலகத்துக்கு 1973 என்றதும் ஒரு விஷயம்தான் ஞாபகம் வரும். அந்த ஏப்ரலில் இந்திரா காந்தி அரசு மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என்.ரேயைத் தலைமை நீதிபதியாக்கியது. 'நீதித்துறையின் சுதந்திரம் செத்தது' என்று வக்கீல்கள் கொதித்தார்கள். கொதித்தது நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே 1973இல் நமக்கு வேறு இரண்டு நடந்தன.

ஒன்று, வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய வழக்கில் கீழ்நீதிமன்றம் தண்டித்தவர்களைச் சென்னை உயர்நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. சொன்ன காரணம் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம்: குற்றம் சாட்டப்பட்டவர்கள் மிராசுதார்கள், நிலபுலன் உள்ள கௌரவமானவர்கள், அவர்களே நேரில் நடந்துபோய்க் கொளுத்தியிருப்பார்கள் என்று நம்புவது கடினம். இதைச் சொல்ல எந்த மந்திரியும் தொலைபேசியில் மிரட்டவில்லை. எந்தக் கட்சியும் அந்த நீதிபதிகளை விலைக்கு வாங்கவில்லை. முழுச் 'சுதந்திர'த்தோடுதான் அந்தத் தீர்ப்பு எழுதப்பட்டது. அரசாங்கத்திடமிருந்து சுதந்திரம் சரி, மிராசுதாரிடமிருந்து சுதந்திரம் எங்கே என்று அன்றைக்குக் கொதித்த எத்தனை பேர் கேட்டார்கள்?

இரண்டு, அதே ஆண்டு பிப்ரவரியில் அதே உயர்நீதிமன்றத்துக்கு முதன்முதலாக ஒரு தலித் நீதிபதியாகப் போனார். ஏ.வரதராஜன். நம்ம பக்கத்து ஆள். ஜோலார்பேட்டையில் 1920இல் பிறந்தவர். திருப்பத்தூரில் படித்து, அங்கேயே வக்கீல் தொழில் பார்த்து, மாவட்ட முன்சீப்பாக நுழைந்து, படிப்படியாக மாவட்ட நீதிபதியானவர். சென்னை உயர்நீதிமன்றம் 1862இல் தொடங்கியது. ஒரு முத்துசாமி அய்யர் 1870களிலேயே அங்கே நீதிபதி ஆகிவிட்டார். ஒரு வரதராஜனுக்கு 111 வருஷம் ஆயிற்று. பிறகு 1980 டிசம்பரில் அவரே உச்சநீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியும் ஆனார். அதற்கு அந்த நீதிமன்றம் தொடங்கி முப்பது வருஷம் கழிந்திருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் பள்ளிக்கூடங்களில் இவர் படம் ஒன்றாவது மாட்டியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நான் பார்த்த பள்ளிகளில் இல்லை.

வரதராஜன் பெயர் மறுபடி ஊரெல்லாம் அடிபட்டது எப்போது தெரியுமா? 2020 பிப்ரவரியில், தி.மு.க.வின் ஆர்.எஸ்.பாரதி ஒரு கூட்டத்தில் பேசும்போது, தலித்துகள் உயர்நீதிமன்ற நீதிபதிகள் ஆனது திராவிட இயக்கம் போட்ட பிச்சை என்கிற பொருளில் பேசியபோது. வழக்கு, கைது, கண்டனம் எல்லாம் வந்தது. அந்த மனிதரின் வாய்க்கொழுப்பை விட்டுத் தள்ளுங்கள். அந்தச் சொல்லுக்குள் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. 1973இல் முதலமைச்சர் கருணாநிதி. அன்றைக்கு நியமனத்தில் மாநில அரசின் குரலுக்கு எடை இருந்தது. அதனால்தான் ஒரு வரதராஜன் உள்ளே போக முடிந்தது. அதாவது, உரிமையாக எழுதப்படாத எதுவும் யாரோ ஒருவரின் தயவாகத்தான் வரும். தயவாக வந்ததைக் கொடுத்தவன் ஒருநாள் பிச்சை என்பான். இன்று கொலீஜியம் மனசு வைத்து ஒருவரைப் போட்டாலும் கதை அதுதான். கொடுப்பவன் மாறினான், பிச்சைப் பாத்திரம் அதேதான்.

அம்பேத்கர் இதை முன்கூட்டியே பார்த்தார். 1949 மே 24 அன்று அரசியல் நிர்ணய சபையில் இந்த விவாதம் வந்தபோது அவரே பிற நாடுகளை ஒப்பிட்டுத்தான் பேசினார். இங்கிலாந்தில் முழுக்க அரசாங்கத்தின் கையில், அமெரிக்காவில் செனட்டின் சம்மதத்தோடு. இரண்டுமே இங்கே சரிப்படாது, நடுவழி வேண்டும் என்றார். தலைமை நீதிபதியின் ஒப்புதல் கட்டாயம் என்று வைக்கலாமே என்றவர்களுக்கு அவர் சொன்ன பதிலைச் சட்ட மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். தலைமை நீதிபதியும் மனிதர்தான், சாதாரண ஜனங்களுக்கு உள்ள குறைகளும் பாரபட்சங்களும் அவருக்கும் உண்டு, குடியரசுத் தலைவருக்கோ அரசாங்கத்துக்கோ கொடுக்கத் தயங்கும் அதிகாரத்தை அவருக்கு மட்டும் தூக்கிக் கொடுப்பது ஆபத்து என்பது சாரம். 'கலந்தாலோசித்து' என்ற சொல் அப்படித்தான் 124ஆம் பிரிவில் வந்தது.

1993 அக்டோபர் 6 அன்று ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து 'கலந்தாலோசித்து' என்றால் 'எங்கள் சம்மதத்தோடு' என்று அர்த்தம் என்றார்கள். 1998இல் தலைமை நீதிபதியும் நான்கு மூத்தவர்களும் சேர்ந்ததுதான் கொலீஜியம் என்று உறுதிசெய்தார்கள். அம்பேத்கர் எந்தக் கதவை மூடினாரோ அதே கதவை அகராதியை மாற்றித் திறந்தார்கள். அந்த ஒன்பது பேரில் தமிழர் ஒருவர், ரத்தினவேல் பாண்டியன். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்டோர் நீதிபதிகளாக இல்லாதது பற்றித் தன் தனித் தீர்ப்பில் அவர் எழுதிவைத்தார். எழுதியது எழுதியபடி இருக்கிறது. குடியரசுத் தலைவராக இருந்த கே.ஆர்.நாராயணன் 1998இல் கோப்பில் ஒரு குறிப்பு எழுதினார்: தகுதியுள்ள தலித், பழங்குடியினர் இருக்கிறார்கள், கவனியுங்கள் என்று. வந்த பதில் 'தகுதி' என்கிற அந்தப் பழைய மந்திரம். தகுதியுள்ளவர்களைக் கவனி என்று சொன்னவரிடமே தகுதி பற்றிப் பாடம்!

இப்போது உலகத்தைக் கொஞ்சம் சுற்றி வருவோம். அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் பெயர் சொல்வார், செனட் ஓட்டுப் போடும், சாகும்வரை பதவி. பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழித்த 1954 வழக்கை நடத்திய தர்குட் மார்ஷல் 1967இல் அங்கே முதல் கருப்பின நீதிபதி ஆனார். தென் மாநிலச் செனட்டர்கள் அவரை உட்காரவைத்து, சட்டத் திருத்த வரலாற்றில் நுணுக்கு நுணுக்காகக் கேட்டு மடக்கப் பார்த்தார்கள். அசிங்கமான காட்சி. ஆனால் அந்த அசிங்கம் ஊரறிய நடந்தது, ஏட்டில் இருக்கிறது, யார் எதிர்த்து ஓட்டுப் போட்டான் என்று பேரனுக்கும் தெரியும். 69க்கு 11. நம்மிடம் ஒரு தலித் வக்கீலின் பெயர் உயர்நீதிமன்றக் கொலீஜியத்தில் ஏன் அடிபட்டது, யார் முகம் சுளித்தது என்று எந்த ஏட்டில் தேடுவது?

இங்கிலாந்திலும் வெகுகாலம் ரகசியமாக விசாரித்து, கிளப்பில் தெரிந்தவர்களைப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 2006 முதல் ஒரு நியமன ஆணையம் வேலை செய்கிறது. விளம்பரம் கொடுக்கிறார்கள், விண்ணப்பம் போடலாம். ஆணையத்தின் தலைமையில் நீதிபதியோ வக்கீலோ இருக்கக் கூடாது, வெளியாள்தான். ஜெர்மனியில் அரசியல் சட்ட நீதிமன்றத்தின் 16 பேரில் பாதியை ஒரு சபையும் பாதியை இன்னொரு சபையும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு தேர்ந்தெடுக்கின்றன. பன்னிரண்டு வருஷம், அதோடு சரி. ஒரு கட்சி மட்டும் நினைத்தால் முடியாது. கனடாவின் உச்சநீதிமன்றத்தில் ஒன்பதில் மூன்று இடம் கியூபெக் மாகாணத்துக்கு என்று சட்டமே சொல்கிறது. அதனால் கனடாவில் 'மெரிட்' செத்துப்போனதாக யாரும் ஒப்பாரி வைக்கவில்லை.

நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது தென்னாப்பிரிக்கா. நிறவெறி முடிந்த 1994இல் அங்கே உயர்நீதிமன்ற நீதிபதிகள் ஏறக்குறைய எல்லாரும் வெள்ளைக்கார ஆண்கள். 1996 அரசியல் சட்டத்தின் 174ஆம் பிரிவில், நீதித்துறை அந்நாட்டு மக்களின் இன, பால் சேர்க்கையைப் பிரதிபலிக்க வேண்டியதன் தேவையை நியமனத்தின்போது கணக்கில் எடுத்தாக வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். 23 பேர் கொண்ட ஆணையம். அதில் நீதிபதி, வக்கீல், சட்டப் பேராசிரியர், ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாரும் உண்டு. நேர்காணல் பொதுமக்கள் முன்னால் நடக்கும். அங்கேயும் அரசியல் விளையாட்டு உண்டு. 2021 ஏப்ரலில் நடந்த நேர்காணல் கேவலமாக இருந்தது என்று ஒரு குடிமக்கள் அமைப்பு வழக்குப் போட, அந்த ஆண்டே திரும்பவும் முதலிலிருந்து நடத்தினார்கள். திருட்டைக் கண்டுபிடிக்க முடிந்தது என்றால் வெளிச்சத்தில் நடந்தது என்பதால்தானே? இன்று அங்கே கருப்பின நீதிபதிகள் பெரும்பான்மை. முப்பது வருஷத்தில்!

நம்முடைய முப்பது வருஷத்தின் கணக்கு இதோ. 2018 முதல் 2023 சூலை வரை உயர்நீதிமன்றங்களில் நியமிக்கப்பட்ட நீதிபதிகள் 604 பேர் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அதில் பொதுப் பிரிவு 458. பிற்படுத்தப்பட்டோர் 72. சிறுபான்மையினர் 34. தாழ்த்தப்பட்டோர் 18. பழங்குடியினர் 9. மீதி 13 பேருக்கு விவரம் இல்லை. நூற்றுக்கு மூன்று பேர்கூட தலித் இல்லை. உச்சநீதிமன்றத்தில் 2010 மே மாதம் கே.ஜி.பாலகிருஷ்ணன் ஓய்வுபெற்ற பிறகு 2019 மே மாதம் கவாய் வரும்வரை ஒன்பது வருஷம் ஒரு தலித்கூட இல்லை.

வேடிக்கை என்னவென்றால் கீழே எல்லாம் இடஒதுக்கீடு உண்டு. தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிபதி தேர்வில் பட்டியல் சாதிக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3. தேர்வு எழுதி, மார்க் வாங்கி வருகிறார்கள். தேர்வு இருக்கும் இடத்தில் நம் பிள்ளைகள் வருகிறார்கள், தேர்வே இல்லாத இடத்தில் வரவில்லை. அப்படியானால் தகுதிக்குப் பயப்படுவது யார்?

உயர்நீதிமன்ற இடங்களில் பெரும்பங்கு வக்கீல்களிலிருந்து நேராக எடுக்கப்படுகிறது. யார் கண்ணில் படுகிற வக்கீல்? பெரிய சீனியரின் சேம்பரில் பத்து வருஷம் சம்பளமில்லாமல் ஜூனியராக இருக்க வசதியுள்ள வக்கீல். பேர்ணாம்பட்டிலிருந்து முதல் தலைமுறையாகச் சட்டம் படித்து வருகிற பெண், லாட்ஜில் தங்கி, ஜாமீன் மனு போட்டுக்கொண்டே வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவள், அந்த வரிசையிலேயே இல்லை.

தகுதி தவிர வேறெதையும் பார்க்க மாட்டோம் என்றவர்களே இப்போது சாதியை எழுத்தில் போடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். 2024 சனவரியில் வராலேயைப் பரிந்துரைத்தபோது, உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதிகளில் அவர் ஒருவரே தாழ்த்தப்பட்டவர் என்று கொலீஜியம் தீர்மானத்தில் குறிப்பிட்டது. அதே ஆண்டு சூலையில் ஆர்.மகாதேவனைப் பரிந்துரைத்தபோது பிற்படுத்தப்பட்டோர் பிரதிநிதித்துவத்துக்காக முன்னுரிமை என்று எழுதியது. நம் பாலாற்றுத் தீர்ப்பைச் சொன்ன இருவரில் அந்த மகாதேவன் ஒருவர். ஆகக் கொள்கை அளவில் ஒப்புக்கொண்டாயிற்று. அப்புறம் அதைச் சட்டமாக எழுத என்ன தடை?

மூன்று பேர் இங்கே குறுக்கிடுவார்கள்.

முதலாமவர் ஜனநாயகவாதி வக்கீல். 'இந்த நேரத்தில் கொலீஜியத்தைத் திட்டாதீர்கள் தோழர், தில்லிக்காரன் நீதிமன்றத்தையும் விழுங்கிவிடுவான்' என்பார். விழுங்கத்தான் பார்க்கிறான், தெரியும். தனக்குப் பிடிக்காத பெயர்களைக் கோப்பிலேயே ஊறப்போடுகிறான். 2014இல் கொண்டுவந்த தேசிய நியமன ஆணையத்தில் ஆறு பேர். அதில் இருவர் 'சிறந்த மனிதர்கள்', அந்த இருவரில் ஒருவர் தலித், பழங்குடி, பிற்பட்டோர், சிறுபான்மையினர் அல்லது பெண். பாருங்கள், நாட்டில் முக்கால்வாசிப் பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு நாற்காலி! 2015 அக்டோபர் 16 அன்று நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்று அதை ரத்துசெய்தது. அதற்காக நாம் அழவில்லை. அதே சமயம் ரத்துசெய்தவர்கள் நமக்காகச் செய்தார்கள் என்று கை தட்டவும் இல்லை. மந்திரியின் பாக்கெட்டா, சீனியர் சேம்பரா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது ஊர்த்தெருக்காரர்கள் தங்களுக்குள் போடும் சண்டை.

இரண்டாமவர் நம் புரட்சித் தோழர். 'நீதிமன்றமே ஆளும் வர்க்கக் கருவி, அதில் யார் உட்கார்ந்தால் என்ன?' சரி தோழர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முன்ஜாமீன் கேட்டு அவன் போகும்போது உங்கள் வர்க்க ஆய்வேடா குறுக்கே நிற்கும்?

மூன்றாமவர் கேட்பதுதான் கனமான கேள்வி. தலித் நீதிபதி வந்தால் தலித்துக்கு நியாயம் கிடைத்துவிடுமா? கிடைக்காது, தானாகக் கிடைக்காது. மார்ஷல் எழுந்த நாற்காலியில் 1991இல் கிளாரன்ஸ் தாமஸ் உட்கார்ந்தார். 2023இல் கல்லூரிச் சேர்க்கையில் கருப்பினத்தவருக்கு இருந்த சலுகையை உடைத்த தீர்ப்பில் அவர் கையெழுத்தும் உண்டு. இங்கே 2024 ஆகஸ்ட் 1 உள் ஒதுக்கீட்டுத் தீர்ப்பில் ஏழு பேரில் ஒரே தலித் கவாய். உள் ஒதுக்கீடு செல்லும் என்றது அருந்ததியர் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி. கூடவே பட்டியல் சாதிக்கும் 'கிரீமி லேயர்' வேண்டும் என்று அவர் எழுதியது நமக்குள் இன்னும் சண்டையாக ஓடுகிறது. ஏழில் ஒருவராக இருக்கும்வரை அவர் சொல்வதே 'தலித் கருத்து' என்று ஆகிவிடும். ஏழில் மூன்று பேர் இருந்தால் தங்களுக்குள் மாறுபடுவார்கள், நாமும் தப்பைத் தப்பு என்போம். கர்ணன் பெயரை எடுத்து வாயடைக்கப் பார்ப்பவர்களுக்கும் பதில் இதுவே. பெண்களை இழிவாகப் பேசிய அவரைத் தூக்கிச் சுமக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. ஒரு பார்ப்பன நீதிபதி தவறு செய்தால் அது அந்த ஆளின் தவறு, நம்மாள் செய்தால் சாதியின் தவறு என்கிற கணக்குத்தான் நமக்கு வேண்டாதது.

2025 அக்டோபர் 6. 1993 தீர்ப்புக்குச் சரியாக 32 வருஷம் கழித்து அதே தேதி, தற்செயல்தான். தலைமை நீதிபதியாக இருந்த கவாயை நோக்கி, திறந்த நீதிமன்றத்திலேயே ஒரு வக்கீல் செருப்பை வீச முயன்றார். சனாதனத்தை அவமதிப்பதைப் பொறுக்க மாட்டோம் என்று கத்தினார். நாட்டின் ஆக உயர்ந்த நாற்காலிக்குப் போனாலும் செருப்பு தேடி வருகிறது. இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "எந்த ஊரு தோலுன்னு பாத்தாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நாம் கேட்பது இது. உயர், உச்ச நீதிமன்றங்களில் மக்கள்தொகைக்கேற்ற பிரதிநிதித்துவம் அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். எந்த ஒரு தரப்புக்கும் பெரும்பான்மை இல்லாத ஆணையம் வேண்டும், அதில் தலித்துகளும் பழங்குடியினரும் பெண்களும் 'அல்லது' போட்டு அல்ல, 'உம்' போட்டு இருக்க வேண்டும். காலியிடம் விளம்பரம் செய்யப்பட வேண்டும், நேர்காணல் மக்கள் முன் நடக்க வேண்டும். சென்னையில் உயர்நீதிமன்றக் கொலீஜியத்திலிருந்து போகும் ஒவ்வொரு பட்டியலிலும் எத்தனை பேர் எந்தச் சமூகம், எத்தனை பேர் நீதிபதிகளின் சொந்தக்காரர்கள் என்று வெளியிட வேண்டும். முடியாது என்பார்கள். உச்சநீதிமன்றமே 2025 மே மாதம் அப்படி ஒரு விவரத்தைத் தன் இணையதளத்தில் போட்டதே? சட்டக் கல்லூரி மாணவர்கள் அதை இறக்கி, அச்செடுத்து, கல்லூரிச் சுவரில் ஒட்டுங்கள். வேலூரிலும் திருப்பத்தூரிலும் வழக்கறிஞர் சங்கக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். பக்கத்தில் வரதராஜன் படமும் இருக்கட்டும்.